குழியை மூடி மேடு போட்ட கதை

தேங்காய் பறிக்க வந்தவர் மரத்தின் மேலிருந்தே கத்தினார். "அம்மா, குருத்து மொத்தமும் போச்சு. விசிறி மாதிரி வெட்டி வெச்சிருக்கு!"

இறங்கி வந்து ஒரு மட்டையை என் காலடியில் போட்டார். ஓலை முழுக்க முக்கோணம் முக்கோணமாகக் கத்தரிக்கோலால் நறுக்கியது போலிருந்தது. காண்டாமிருக வண்டின் வேலை. குருத்து சுருண்டிருக்கும்போதே வண்டு உள்ளே துளைத்துத் தின்றுவிடும். ஓலை விரிந்த பிறகுதான் அந்த வெட்டு நம் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் வண்டு பக்கத்து மரத்துக்குப் போயிருக்கும். என்ன மருந்து வைக்கலாம் என்று கேட்டேன். அவர் மாட்டுக் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார்.

"மரத்துல தேடாதீங்க. அது உங்க குப்பக்குழியிலதான் பொறக்குது. அங்க போய் நோண்டிப் பாருங்க."

நோண்டினோம். மேலே ஒரு சாண் அளவுக்குக் காய்ந்த சாணி. அதற்குக் கீழே, பாதி மக்கியும் மக்காமலும் கிடந்த ஈரக் குப்பையில், கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் பிறை போல வளைந்து கிடந்தன. ஒரே கூடையில் பதினேழு. கோழிகளுக்கு அன்றைக்குத் தீபாவளி. எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணமாகி வந்த நாளாக இந்தக் குழியில் சாணி கொட்டுகிறவள் நான். வண்டுக்கு இத்தனை வருஷம் பிரசவ ஆஸ்பத்திரி நடத்தியிருக்கிறேன்.

நாங்கள் இருப்பது பாகூர் பக்கம். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்குத் தண்ணீர் வரும் ஊர். புதுச்சேரிக்காரர்கள் நெல் என்றால் எங்களைத்தான் சொல்வார்கள். சாமான் வாங்கப் பாதி நாள் கடலூர்தான் போவோம். ஆறு கலப்பின ஜெர்சி மாடு, இரண்டு கன்று, இரண்டரை ஏக்கர் நிலம். மாடு என் பொறுப்பு, நிலம் மாமனார் பொறுப்பு. கணவர் வேலைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் யோசனை சொல்வார்.

குழி மாமனார் வெட்டியது. பன்னிரண்டு அடி நீளம், ஆறடி அகலம், மூன்றரை அடி ஆழம். தொழு உரம் பற்றி எந்தக் கையேட்டைத் திறந்தாலும் ஏறக்குறைய இந்த அகலமும் ஆழமும்தான் இருக்கும். ஒரு மீட்டர் ஆழம் வெட்டு, சாணத்தையும் மூத்திரம் ஊறிய கூளத்தையும் தினமும் போடு, தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை, இரண்டு அடி வந்ததும் சாணியால் மெழுகி மூடு, நாலைந்து மாதத்தில் எரு தயார். மேட்டுப்பாங்கான, மழை குறைந்த ஊர்களுக்கு இது நல்ல முறை. ஈரம் காக்கும், காற்றில் காயாது. எங்கள் ஊரில் ஐப்பசி பிறந்துவிட்டால் ஒரு முழம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். குழிக்குள் கீழிருந்தும் தண்ணீர், மேலிருந்தும் தண்ணீர். கார்த்திகையில் அது எருக்குழியாக இருக்காது, கறுப்புக் கஷாயத் தொட்டியாக இருக்கும். நிரம்பி வழிந்து சந்து வழியாக வாய்க்காலுக்குப் போகும். வருஷா வருஷம் போனது. மழைக்காலம் என்றால் அப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அந்தக் கஷாயத்தோடு என்ன போகிறது என்று யோசிக்கப் புழுக்கள் வர வேண்டியிருந்தது.

ஒரு கலப்பின மாடு நாளைக்குச் சுமார் 15 கிலோ சாணம் போடும். ஆறு மாட்டுக்கு 90 கிலோ. வருஷத்துக்கு 33 டன் பக்கம். இதற்கு மேல் மாட்டுக்கு எட்டு, பத்து லிட்டர் மூத்திரம். மாடு வெளியே விடும் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், ஏறக்குறைய பாதி இந்த மூத்திரத்தில்தான் இருக்கிறது. பொட்டாஷ் என்கிற சாம்பல்சத்தில் பெரும்பங்கும் அதில்தான். சாணத்தைக் கூடை கூடையாக அள்ளிப் பத்திரமாகக் குழியில் கொட்டிவிட்டு, மூத்திரத்தைக் குழாய்த் தண்ணீர் அடித்துச் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். பாலைக் கீழே ஊற்றிவிட்டு நுரையைப் பாத்திரத்தில் பிடிப்பது மாதிரி.

மாமனாரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு கேள்விதான் கேட்டார். "பணமா எவ்வளவும்மா?"

கணக்குப் போட்டேன். பச்சைச் சாணத்தில் தழைச்சத்து 0.3 சதவீதம் என்று வைத்தால் 33 டன்னில் சுமார் 100 கிலோ. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் கிட்டத்தட்ட 21 கிலோ தழைச்சத்து. அப்படியானால் ஐந்து மூட்டை. மூட்டை 266 ரூபாய் 50 காசு. மொத்தம் 1,330 ரூபாய் சொச்சம். மூத்திரத்தையும் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் 2,700 ரூபாயைத் தாண்டாது. ஒரு வருஷச் சாணிக்கு!

"இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார் மாமா. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை மேடையில் சொல்வதில்லை. யூரியாவின் விலையில் பெரும்பகுதியை அரசு மானியமாகக் கட்டும்வரை சாணியைத் தழைச்சத்துக்காக யாரும் பாதுகாக்கப் போவதில்லை. எருவின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் நிலம் களிமண். மாசியில் நீர் வற்றினால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். எரு விழுந்த பாத்தியும் விழாத பாத்தியும் அப்போது பக்கத்தில் பக்கத்தில் தெரியும். எரு விழுந்த இடத்தில் மண்வெட்டி இறங்கும், மற்ற இடத்தில் துள்ளும். அதற்கு எந்தக் கடையிலும் மூட்டை கிடையாது. நெல்லுக்கு எக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. எங்கள் இரண்டரை ஏக்கர் ஏறக்குறைய ஒரு எக்டேர். அந்த 12.5 டன்னும் எங்கள் கொட்டகையிலேயே கிடைக்கும், ஒழுங்காக மக்க வைத்தால். அப்படியிருந்தும் நாங்கள் வெளியே டிப்பர் கணக்கில் எரு வாங்கிக்கொண்டிருந்தோம்.

மாமனாருக்கு இந்தப் பதில் கொஞ்சம் இறங்கியது. குழியை மூடுவதற்குத்தான் அவருக்கு மனசில்லை.

அப்போது எனக்கு உதவியது நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு வெள்ளைக்கார வேளாண் விஞ்ஞானி. ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது நம் விவசாயிகளிடம் கற்றதையும் தன் சோதனைகளையும் சேர்த்து ஒரு மக்கு முறையை உருவாக்கினார். இந்தூர் முறை என்றே அதற்குப் பெயர். குழி முறை என்றுதான் எல்லோரும் அதைச் சொல்வார்கள். ஆனால் வெயில் காலத்துக்குத்தான் குழி, மழைக்காலத்தில் தரைக்கு மேல் குவியல் என்று அவரே பிரித்து வைத்திருக்கிறார். குழியில் தண்ணீர் நின்றால் காற்று போகாது, காற்று போகாவிட்டால் வேலை கெட்டது. இதை மாமாவிடம் சொன்னேன். "அந்தத் துரைக்கே தெரிஞ்சிருக்கு" என்று ஒத்துக்கொண்டார். இருபது வருஷமாக நான் சொன்னதற்கு இல்லாத மரியாதை.

சரி, காற்று ஏன் வேண்டும்? மக்க வைக்கும் நுண்ணுயிர்களில் இரண்டு கூட்டம். ஒன்றுக்குக் காற்று வேண்டும். அது வேகமாகத் தின்னும், சூடு கிளப்பும், நாற்றம் வராது. இன்னொன்று காற்றில்லாத இடத்தில் மெதுவாகத் தின்னும். அழுகிய முட்டை நாற்றம் அதன் அடையாளம். கூடவே மீத்தேன் விடும். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 27 மடங்குக்குக் குறையாமல் பூமியைச் சூடாக்கும். எங்கள் குழியில் குடியிருந்தது இந்த இரண்டாவது கூட்டம். சூடே இல்லாத ஈரக் குப்பை என்பதால்தான் வண்டும் நிம்மதியாக முட்டையிட்டது.

முதல் மேடு படுதோல்வி. குழி எருவையும் புதுச் சாணியையும் கொட்டகைக்குப் பின்னால் மலை மாதிரி குவித்தேன். இரண்டாம் நாள் அது அப்பம் மாதிரி பரந்துவிட்டது. ஜெர்சி மாட்டுச் சாணம் அந்தக் காலத்து நாட்டு மாட்டுச் சாணம் போலக் கெட்டியாக இருக்காது. தீவனமும் தவிடும் தண்ணீருமாகத் தின்றால் கூழாகத்தான் விழும். இரண்டாவது மேட்டில் எதிர்ப்பக்கம் போனேன். வெட்டு முடிந்த கரும்புத் தோட்டத்தில் எரிக்க வைத்திருந்த காய்ந்த கரும்பு இலையை, அதாவது சோகையை, வண்டி வண்டியாகக் கொண்டுவந்து சாணியைப் பேருக்குத் தெளித்தேன். மூன்று வாரம் கழித்தும் சோகை சோகையாகவே இருந்தது. பாம்பு ஒன்று குடிவந்ததுதான் மிச்சம்.

நுண்ணுயிருக்குக் கரிச்சத்து சோறு என்றால் தழைச்சத்து குழம்பு. கரி 25, 30 பங்குக்குத் தழை ஒரு பங்கு என்பது அதற்குப் பிடித்த அளவு. சோகையில் கரி நூறு பங்குக்கும் மேல் போகும், வைக்கோலில் அறுபதுக்கு மேல். சாணத்தில் இருபதை ஒட்டி, மூத்திரம் சேர்ந்தால் இன்னும் குறையும். சாணி மட்டும் குவித்தால் குழம்பு மட்டும் ஊற்றிய இலை. மிஞ்சிய தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போகும். காலையில் கொட்டகையைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கிறதே, அதுதான். சோகை மட்டும் என்றால் வெறும் சோறு.

மூன்றாவது மேடு நின்றது. அதை எப்படிப் போட்டேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் இடம். கொட்டகைக்குப் பின்னால் இருந்த உயரமான மூலையில் செங்கல் சல்லியும் களிமண்ணும் போட்டு ஒன்றரை அடி திட்டு கட்டி, ஒரு பக்கம் லேசாகச் சரிவு விட்டோம். வடியும் நீர் ஒரு சிறு தொட்டிக்குப் போகும். அதை எடுத்துத் திரும்ப மேட்டின் மேலேயே ஊற்றிவிடுவேன். திட்டின் மேல் ஒரு முழம் உயரத்துக்குச் சவுக்கு மிளாறும் துவரை மாரும். அடியில் காற்று நுழைய அந்தப் படுக்கை இல்லாமல் முடியாது. அதற்கு மேல் நறுக்கிய சோகை அரை அடி, மாடு தின்று மிச்சம் வைத்த கூளம், அப்புறம் சாணி நாலு விரற்கடை. மறுபடி சோகை. அளவுக்கு நான் தராசு வைப்பதில்லை. ஒரு கூடைச் சாணிக்கு இரண்டு, இரண்டரைக் கூடை காய்ந்த சரக்கு. சோகையை நறுக்காமல் போட்டால் பாய் விரித்த மாதிரி படிந்து காற்றை அடைக்கும். பழைய தீவன வெட்டியில் கொடுத்துச் சாண் நீளத்துக்கு நறுக்குகிறோம்.

உயரம் நாலரை அடி. மூன்றடிக்குக் கீழே போனால் சூடு தங்காது, ஆறடிக்கு மேல் போனால் அடி நசுங்கும். ஈரத்துக்குக் கைதான் அளவு. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் மினுங்க வேண்டும், சொட்டு ஒன்றிரண்டுக்கு மேல் விழக்கூடாது.

நாலாம் நாள் காலையில் கடப்பாரையை மேட்டுக்குள் செருகி, பத்து நிமிஷம் கழித்து உருவிப் பிடித்தேன். பிடிக்க முடியவில்லை. சட்டென்று கையை உதறினேன். மாமாவைக் கூப்பிட்டேன். அவரும் பிடித்துவிட்டு உதறினார். அப்புறம் மறுபடி பிடித்துப் பார்த்தார். தை மாதம், பனி விழும் நேரம். மேட்டிலிருந்து இட்லிப் பானை மாதிரி ஆவி போனது. எங்கள் நாய் அன்றிலிருந்து இரவில் அதன் மேல்தான் படுக்கிறது.

மேட்டின் நடுவில் 55 டிகிரிக்கு மேல் சூடு சில நாள் நின்றால் புல் விதை சாகும், நோய்க் கிருமி சாகும், ஈப் புழுவும் வண்டுப் புழுவும் தங்காது. ஓரம் மட்டும் ஆறியே இருக்கும். அதனால்தான் புரட்ட வேண்டியிருக்கிறது, ஓரத்தை நடுவுக்கும் நடுவை ஓரத்துக்குமாக. முதல் மாதம் பத்து நாளுக்கு ஒரு முறை, பிறகு இன்னும் ஒன்றிரண்டு முறை. நூறு நாள் ஆனால் கறுத்துப் பொலபொலவென்று, முதல் மழை விழுந்த மண் மணத்தில் இருக்கும். இதற்கு முன்னால் அவசரப்பட்டு அரைகுறை எருவைக் கத்தரிப் பாத்திக்குப் போட்டு, கத்தரியைவிட உயரமாகக் குதிரைவாலிப் புல் வளர்ந்த கதையும் உண்டு. மாடு தின்ற புல் விதை, சாணியில் வந்து, குழியில் சாகாமல், பாத்தியில் முளைத்தது. கறையானும் இலவசமாக வந்தது.

புரட்டுவது இடுப்பை ஒடிக்கும் வேலை. இதை எளிது என்று எழுதுகிறவர்கள் மண்வெட்டி பிடித்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு மேட்டைப் புரட்ட இரண்டு பேருக்கு அரை நாள். ஆள் கூலி பார்த்தால் மேலே சொன்ன 2,700 ரூபாய் இரண்டு, மூன்று புரட்டிலேயே போய்விடும்.

கொட்டகைக்குள் மாற்றியது இன்னும் கொஞ்சம். முன்பு காலையில் எழுந்ததும் குழாயைத் திறந்து மொத்தத்தையும் அடித்துவிடுவேன். இப்போது முதலில் சாணியை வழித்து அள்ளிவிட்டு, கடைசியில்தான் தண்ணீர், அதுவும் கால்வாசி. மூத்திரம் ஓடும் இடத்தில் சோகைத் தூளும் தேங்காய் நாரும் பரப்பி, ஊறியதும் வாரி மேட்டுக்குக் கொண்டுபோகிறேன். இதைப் பார்த்த மாமா ரொம்ப நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தார். "எங்கப்பா ஏரி வண்டலை அள்ளியாந்து மாட்டுக்கடியில போடுவாரு. மூத்திரம் குடிச்ச மண்ணை அப்படியே வயலுக்கு ஏத்துவாரு." அப்படியானால் ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "சிமெண்ட்டுத் தரை போட்டோம்ல" என்றார்.

இரண்டு சில்லறை விஷயம். வெயில் காலத்தில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக ஒரு வாரம், பத்து நாள் போதும். சாணி ஒரே இடத்தில் அதற்கு மேல் கிடக்காமல் பார்த்துக்கொண்டாலே கொட்டகையில் பாதி ஈ குறையும், மருந்தடிக்க வேண்டாம். இன்னொன்று, குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் ஐவர்மெக்டின் ஊசி போட்டால் மருந்தின் ஒரு பகுதி சாணத்தில் வரும். அந்தச் சாணத்தில் சாண வண்டுப் புழு பிழைக்காது. அந்த வாரச் சாணியை நான் மேய்ச்சல் தரையில் விடாமல் மேட்டின் நடுவில் போட்டுவிடுவேன்.

சாண எரிவாயு போடலாமே என்று கணவர் ஒரு ஞாயிறன்று சொன்னார். போடலாம். இரண்டு கன மீட்டர் கலனுக்கு நாளைக்கு 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். சமையல் ஆகும். ஆனால் வாயு போன பிறகும் போட்ட அளவுக்குக் குழம்பு வெளியே வரும். அதையும் காயவைத்துச் சோகையோடு மக்க வைக்கத்தான் வேண்டும். கார்த்திகை மழையில் அந்தக் குழம்பை எங்கே வைப்பது என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு அவர் வேறு யோசனைக்குப் போய்விட்டார். மண்புழுவும் வைத்துப் பார்த்தேன். மேடு ஆறிய பிறகுதான் விட வேண்டும், சூட்டில் விட்டால் வெந்துபோகும். நான் விட்டதைச் சிவப்பெறும்பு தின்றது.

மழையை வென்றுவிட்டோம் என்று நினைத்த வருஷம்தான் ஃபெஞ்சல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. விடிய விடிய மழை. மேட்டுக்குத் தென்னங்கீற்றுக் கூரையும் அதற்கு மேல் தார்ப்பாயும் கட்டியிருந்தோம். தார்ப்பாய் பக்கத்து வீட்டு மாமரத்தில் போய் மாட்டிக்கொண்டது. கூரை சாய்ந்தாலும் மேடு அப்படியே இருந்தது. மேல் ஒரு அடிதான் ஊறியிருந்தது. பிழைத்தோம் என்று பார்த்தால், சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் அடுத்து தென்பெண்ணையில் வந்தது. மாடுகளை இருட்டில் மேட்டுத் தெருவுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். திரும்பி வந்தபோது திட்டுக்கு மேலே முழங்கால் அளவுக்கு நீர் ஏறி இறங்கிய கோடு. கீழ்ப்பாதி எரு சேறாகிவிட்டது. மேல்பாதி பிழைத்தது. பழைய குழியாக இருந்திருந்தால் அந்தப் பாதியும் போயிருக்கும். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாசியில் திட்டை இன்னும் ஒரு அடி உயர்த்த அவரே சல்லி இறக்கினார்.

குழியைத் தூர்த்தது அப்புறம்தான். அடியில் கிடந்த கறுப்புச் சேற்றை அள்ளி முடிக்கப் பதினொரு நாள் ஆனது. மண் போட்டு மூடிய இடத்தில் பூசணிக்கொடி தானாக முளைத்துக் கொட்டகைக் கூரை வரை ஏறியிருக்கிறது. வண்டைப் பிடிக்கத் தென்னையடியில் ஆமணக்குப் பிண்ணாக்குக் கரைசல் பானை வைத்திருக்கிறோம், வண்டு இன்னும் விழுகிறது. பக்கத்துத் தெருக் குழிகள் அப்படியே இருக்கும்போது எங்கள் குழியை மட்டும் மூடி என்ன ஆகும்.

ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்று மாமா அடிக்கடி சொல்வார். ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் சத்தை விட்டுவிடும். மாட்டெருவின் தழைச்சத்தில் முதல் பயிருக்கு மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காது, மிச்சம் அடுத்தடுத்த பயிருக்குப் போகும். அதனால்தான் குத்தகை நிலத்துக்கு யாரும் மாட்டெரு போடுவதில்லை. அடுத்த வருஷம் அந்த நிலம் யார் கையில் இருக்குமோ.

நிலமே இல்லாதவர்களுக்கு அதுவும் இல்லை. பின் தெரு அக்காவுக்கு இரண்டு மாடு, ஒரு சென்ட் நிலம் கிடையாது. வறட்டி தட்டியது போக மீதிச் சாணியை வாய்க்கால் ஓரம் கொட்டிக்கொண்டிருந்தார். வேறு எங்கே கொட்டுவார்? இந்தச் சித்திரையிலிருந்து தினம் ஒரு கூடை எங்கள் மேட்டுக்குக் கொண்டுவருகிறார். மக்கி முடிந்ததும் பங்கு தருவதாகப் பேச்சு. "எனக்கு எத்தினி மூட்ட வரும்?" என்று கேட்டார். மக்கும்போது அளவு பாதியாகச் சுருங்கும், அதில் சோகை எங்களுடையது, புரட்டுகிற கூலி எங்களுடையது, ஆனால் சாணி இல்லாமல் சோகை வேகாது. இதைப் பங்கு பிரிக்க எனக்கு இன்னும் கணக்குத் தெரியவில்லை. இப்போதைக்கு அவர் ஒவ்வொரு கூடை இறக்கும்போதும் கொட்டகைச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டு வைக்கிறார். இன்று காலையோடு நாற்பத்தொரு கோடு.